பைக் ஹேண்டில் சுவிட்ச்: சிறு கோளாறு, பெரிய ஆபத்து

இன்று எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் லயத்து வாசலில் ஒன்றிரண்டு மோட்டார் சைக்கிளாவது நிற்கக் காண்கிறோம். முன்பு வெளிக்கள உத்தியோகத்தரிடமும் வசதியுள்ள ஒருசிலரிடமும் மட்டுமே இருந்த வண்டி, இன்று கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளின் சம்பளத்தாலும் தவணைப் பணத்தாலும் நம் வாசலுக்கே வந்துவிட்டது. பிள்ளையை டியூஷனுக்கு விட, டவுனில் மருந்து வாங்க, இரவில் யாருக்காவது முடியாமல் போனால் ஓடிப்போய் ஆள் கூட்டிவர, எல்லாவற்றுக்கும் அதுதான் கைகொடுக்கிறது. 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். நோயாளிக்கு அதைத்தான் முதலில் அழைக்க வேண்டும். ஆனால் ரோடு மோசமான மேற்பிரிவுகளில், அம்புலன்ஸ் வந்து நிற்கும் சந்தி வரைக்கும் யாராவது இறங்கிப் போய் வழிகாட்ட வேண்டியிருக்கிறது. அந்த யாராவது பைக்கில்தான் போகிறார்.

நாம் அறிந்த ஒரு தோட்டத்தில் மழைக்காலத்து இரவொன்றில் இளைஞர் ஒருவர் தன் தாயைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இறங்கினார். எதிரே லொறி வந்தது. மரியாதையாக லைட்டை டிம் பண்ணினார். டிம் ஆவதற்குப் பதிலாக ஹெட்லைட் முழுதாக அணைந்துவிட்டது. வளைவில் ரோடு தெரியாமல் வண்டி கானுக்குள் இறங்கியது. தாய்க்குக் கை முறிந்தது. “பல்ப் போயிருச்சு” என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மறுநாள் பார்த்தபோது பல்ப் நன்றாகவே இருந்தது. இடதுபக்க ஹேண்டில் சுவிட்சுக்குள்ளே, விரல்நகம் அளவு செம்புத் தகட்டில் பிடித்திருந்த பச்சைக் களிம்புதான் காரணம்.

ஆகவே இந்தச் சுவிட்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

உள்ளே என்ன இருக்கிறது?

பெரும்பாலான பைக்குகளில் இடது கைப்பக்கம் ஹை பீம் - டிம் சுவிட்ச், சிக்னல், ஹோர்ன் ஆகியவை இருக்கும். வலது பக்கம் ஸ்டார்ட் பட்டனும், வண்டியைப் பொறுத்து லைட் சுவிட்சும், எஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சுவிட்சும் இருக்கும். சுற்றுலாப் பயணிகள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு நுவரெலியா, எல்ல பக்கம் ஓட்டி வருகிற பெரிய பைக்குகளிலும் இதே அமைப்புத்தான். பட்டன்கள் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

ஒவ்வொரு சுவிட்சுக்குள்ளும் அசையாத செம்புப் புள்ளிகள் சில இருக்கும். அவற்றின் மேல் ஒரு சிறு செம்பு அல்லது பித்தளைத் தகடு நகரும். தகட்டை அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங்கும், ‘டிக்’ என்று நிற்கச் செய்ய ஒரு குட்டி உருக்குக் குண்டும் இருக்கும். தகடு புள்ளியைச் சுத்தமாகத் தொட்டால் கரண்ட் போகும். நடுவே களிம்போ, தண்ணீரோ, காய்ந்து இறுகிய பழைய கிரீஸோ இருந்தால் போகாது, அல்லது அரைகுறையாகப் போகும். அரைகுறையாகப் போகும்போது அந்த இடம் சூடாகிறது, சூட்டில் பிளாஸ்டிக் இளகுகிறது, தகடு சரிகிறது, தொடுகை இன்னும் மோசமாகிறது. இப்படித்தான் சிறு கோளாறு பெரிதாகிறது.

நம் மலைநாட்டில் இது ஏன் அதிகம் என்றால் முதற்காரணம் ஈரம். மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்து வண்டிகள் காய்வதே இல்லை. இரண்டாவது, நாம் வண்டியை நிறுத்துகிற இடம். லயத்துத் தகரக் கூரையின் ஓரத்தில் சைட் ஸ்டாண்டில் நிறுத்துகிறோம். வண்டி இடதுபக்கம் சாய்கிறது. கூரைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இராமுழுக்க இடது சுவிட்சின் மேலே விழுகிறது. இரண்டு அடி தள்ளி நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். மூன்றாவது, உரம். அமோனியம் சல்பேட் போன்ற உரங்கள் செம்பையும் பித்தளையையும் அரிக்கும். உர மூட்டை ஏற்றுகிற பைக்கும், உரக் களஞ்சியத்துக்குள் நிறுத்துகிற பைக்கும் மற்ற வண்டிகளை விடச் சீக்கிரம் களிம்பு பிடிக்கும். அப்படிப்பட்ட வேலைக்குப் பிறகு உரம் தொட்ட கையாலேயே சுவிட்சைத் தட்டாமல், ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியாலும் துடையுங்கள். சேர்விஸ் ஸ்டேஷனில் பிரஷர் தண்ணீரை ஹேண்டிலுக்கு நேரே அடிக்க விடாதீர்கள்.

சுவிட்ச்தானா என்று முதலில் பாருங்கள்

புதுச் சுவிட்ச் வாங்கிப் போட்டும் கோளாறு தீராமல் காசு போனவர்கள் பலர். பல்ப், பியூஸ், வயர் முனைகள் ஆகியவற்றைப் பார்த்த பிறகே சுவிட்சுக்கு வர வேண்டும். ஹேண்டிலிலிருந்து வரும் வயர்கள் பல வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் பின்னால் கனெக்டரில் சேர்கின்றன. அந்தக் கனெக்டருக்குள்ளும் இதே பச்சைக் களிம்பு பிடிக்கும்.

ஹேண்டிலைத் திருப்பும்போது லைட் அணைந்து எரிந்தால், அல்லது ஹோர்ன் தானாக அடித்தால், அது பெரும்பாலும் சுவிட்ச் அல்ல. ஹேண்டில் கழுத்துப் பகுதியில் வயர் மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருக்கும், அல்லது மேல் உறை தேய்ந்து இரும்பில் படும். எலி கடித்த வயரும் இப்படித்தான் செய்யும். சிக்னல் வழக்கத்தை விட வேகமாக மின்னினால், அந்தப் பக்கத்து பல்ப் ஒன்று எரியவில்லையா என்று பாருங்கள். சில பழைய சிறிய வண்டிகளில் ஹெட்லைட் கரண்ட் பெட்டரியில் இருந்து வராமல் நேரே எஞ்சினில் இருந்து வருகிறது. அவற்றில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது வெளிச்சம் மங்குவது இயற்கை. அதற்காகச் சுவிட்சைக் கழற்ற வேண்டாம்.

ஸ்டார்ட் பட்டன் வேலை செய்யவில்லை என்றால், பல வண்டிகளில் கிளட்சைப் பிடித்தால்தான் ஸ்டார்ட்டாகும் என்பதை நினைவில் வையுங்கள். கிளட்ச் லீவரின் அடியில் உள்ள சிறு சுவிட்ச் பழுதானாலும் ஸ்டார்ட் பட்டன் செத்த மாதிரித்தான் தெரியும். சைட் ஸ்டாண்டிலும் சில வண்டிகளுக்குச் சுவிட்ச் உண்டு. அந்தச் சிவப்புச் சுவிட்சை ஏதாவதொரு சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தட்டிவிட்டுப் போக, நாலு பேர் சேர்ந்து வண்டியை மேட்டில் தள்ளிய கதை எல்லாத் தோட்டத்திலும் இருக்கும்!

மழையில் எஞ்சின் தானாக நின்றால் அந்தச் சிவப்புச் சுவிட்சைச் சந்தேகிக்கலாம். அது இரண்டு விதமாக வேலை செய்கிறது. சில பழைய வண்டிகளில் அது ஸ்பார்க்குக்கான கரண்டை பொடியில், அதாவது எர்த்தில் சேர்த்து எஞ்சினை நிறுத்தும். உள்ளே தண்ணீர் போனால் தானாகவே எர்த்தாகி வண்டி நின்றுவிடும். பெட்டரியால் ஸ்பார்க் எடுக்கும் வண்டிகளில் அது கரண்டை வெட்டி நிறுத்தும். அங்கே களிம்பு பிடித்தால் ஓடும்போதே வெட்டிவிடும். முதல் வகையில் சுவிட்சுக்குப் போகும் வயரைக் கனெக்டரில் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் ஓடும். சுவிட்ச்தான் கள்ளன் என்று தெரிந்துவிடும். இரண்டாவது வகையில் அப்படிக் கழற்றினால் வண்டி ஓடவே ஓடாது. எந்த வகை என்று தெரியாமல் வயரைப் பிடுங்க வேண்டாம்.

வயரின் நிறத்தை நம்பியும் ஏமாறக்கூடாது. ஹொண்டாவில் பச்சை வயர் எர்த். யமஹாவில் கறுப்பு. சுசுகியில் கறுப்பில் வெள்ளைக் கோடு. பஜாஜிலும் கவாசாகியிலும் கறுப்பில் மஞ்சள் கோடு. இதில் வேடிக்கை, சுசுகியில் எர்த்தாக வரும் அதே கறுப்பு - வெள்ளை வயர், பழைய சிறிய ஹொண்டாக்களில் எஞ்சினை நிறுத்தும் வயர். “பக்கத்து வீட்டு பைக்ல இப்படித்தான் கட்டினோம்” என்பது இங்கே வேலைக்காகாது.

கழற்றித் துடைக்கும் முறை

முதலில் பெட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். சுவிட்சின் அடியில் பெரும்பாலும் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரையே பிடியுங்கள். பொருந்தாததைப் போட்டுத் திருகினால் தலை தேய்ந்து, பிறகு கராஜில் பாஸிடம்தான் போக வேண்டும். கீழே வெள்ளைத் துணி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். அந்தக் குட்டிக் குண்டும் ஸ்பிரிங்கும் தெறித்தால் புல்லுக்குள் தேடிக் கிடைக்காது. ஒவ்வொரு படியிலும் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் திரும்பப் பூட்டும்போது சண்டை வராது.

செம்புப் பகுதியைக் கொன்டாக்ட் கிளீனரால் கழுவி, பழைய பல் பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். அந்தக் கிளீனர் இல்லையென்றால் ஃபார்மசியில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் போதும். களிம்பு போகாவிட்டால் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்தாலே செம்பு பளிச்சிடும். முரட்டு உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். அது கோடு கோடாகக் கீறிவிடும். அந்தக் கீறலில் ஈரம் தங்கி மறுபடி களிம்பு பிடிக்கும். பெற்றோலால் கழுவுவதும் நம்மிடையே உள்ள பழக்கம். சில பிளாஸ்டிக்கை அது கெடுக்கும். தீப்பற்றும் பயம் வேறு. லயத்து அறைக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

நன்றாகக் காய்ந்த பிறகு, நகரும் இடத்தில் மிக மெல்லிசாக வாஸ்லின் தடவலாம். மெல்லிசாக என்றால் விரலில் ஒட்டிய அளவு. அள்ளி அப்பினால் தூசி சேர்ந்து பழைய கதைதான்.

வலதுபக்கச் சுவிட்சைக் கழற்றுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். பல வண்டிகளில் எக்ஸலேட்டர் கேபிளும் அந்தப் பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது. பூட்டியபின், எஞ்சினைப் போடாமலே, ஹேண்டிலை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்பி, எக்ஸலேட்டரை முறுக்கி விட்டுப் பாருங்கள். இரு பக்கமும் தானாகவே ‘டக்’ என்று திரும்பி வரவேண்டும். மெதுவாக வந்தாலோ, நின்றாலோ ஓட்டாதீர்கள். லைட் இல்லாத வண்டியை விட எக்ஸலேட்டர் திரும்பாத வண்டி மோசம்.

சுவிட்சை எரிக்கும் ஆசைகள்

வெளிச்சம் போதவில்லை என்று பெரிய பல்ப் போடுகிறார்கள். 12 வோல்ட் வண்டியில் 35 வாட் பல்ப் ஏறக்குறைய 3 அம்பியர் கரண்ட் எடுக்கும். 100 வாட் பல்ப் 8 அம்பியருக்கு மேல் எடுக்கும். சின்னச் சுவிட்ச் அந்தச் சுமையைத் தாங்காது; உள்ளே உருகிவிடும். மேலதிக லைட் வேண்டுமென்றால் ரிலே ஒன்றும் தனிப் பியூஸும் போட்டு, சுவிட்ச் அந்த ரிலேயை மட்டும் இயக்கும்படி பாஸிடம் செய்வித்துக்கொள்ளுங்கள். பியூஸ் அடிக்கடி போகிறது என்று தேயிலைப் பைக்கற்றின் ஈயத்தாளைச் சுருட்டி வைப்பது தீ வைப்பதற்குச் சமம்.

இரவில் ஓடும்போது லைட் போனால் பதறி பிரேக்கை ஒரேயடியாகப் பிடிக்காதீர்கள். வேகத்தைக் குறைத்தபடி, டிம் சுவிட்சைப் பழைய நிலைக்கே தள்ளுங்கள். பல நேரம் மற்றப் பக்கம் எரியும். ஆள்காட்டி விரல் பக்கம் பாஸ் பட்டன் உள்ள வண்டியானால் அதை அழுத்திப் பிடியுங்கள். பல வண்டிகளில் அது வேறு தொடுகை வழியாக ஹை பீமை எரியவைக்கும். அந்த வெளிச்சத்தில் இடது ஓரம் ஒதுங்கி நிறுத்த முடியும். அப்படியே வீடு வரை ஓட்டிப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். போன் டோர்ச்சைப் பின்னால் இருப்பவர் பிடிக்க ஓட்டுவதும் வேண்டாம்.

2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய பைக்கின் விலை நன்றாக ஏறியது. ஏறிய விலை கொடுத்துப் பழைய வண்டி வாங்கும்போது எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுக் காசை எண்ணிக் கொடுக்கிறோம். பொழுது சாய்ந்த பிறகு போய்ப் பாருங்கள். சுவருக்கு நேரே நிறுத்தி, ஹை பீமையும் டிம்மையும் மெதுவாக இருபது தடவை மாற்றுங்கள். நடுவில் ஒரு தடவை இருட்டினாலும் சுவிட்சைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். புதுச் சுவிட்ச் வாங்க நேர்ந்தால் பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய், கனெக்டரின் வடிவத்தையும் வயர் நிறங்களையும் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள். பில்லையும் கேட்டு வாங்குங்கள்.