ஓவியம் காட்டாத மண்

1663 வாக்கில் இங்கிலாந்தின் பாஸ்டன் குடும்பம் தான் சேர்த்த அரும்பொருள்களை ஒரே ஓவியத்தில் தீட்டவைத்தது. வெள்ளி பொதிந்த நாட்டிலஸ் சிப்பிக் கோப்பைகள், மணற்கடிகாரம், கிளி, சிவந்த சிங்கி இறால்; சிப்பியின் முத்துப் பளபளப்புகூடத் தூரிகைக்குத் தப்பவில்லை. பின்னாளில் கடனால் அந்தச் சேகரிப்பு சிதறியது. நாரிச் அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியம் சாட்சியாக நிற்கிறது. அப்படியானால் இது சிறந்த ஆவணம்தானே என்று கேட்கலாம். யார் எதை வைத்திருந்தார் என்பதற்கு, ஆம். எந்தப் பொருள் எந்த மண்ணில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை அது சொல்லாது.

தமிழ்நாட்டின் ஒரகடம் தொழிற்பகுதியை அடுத்த வடக்குப்பட்டு கிராமத்தில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்கருவிகளும் ரோமானிய ஆம்போரா சாடிகளின் ஓடுகளும் பொன் அணிகளும் வெளிவந்தன. மேசைமேல் சேர்த்து வைத்தால் இவையும் அழகிய ஓவியமாகும். ஆனால் கல்லுக்கும் சாடிக்கும் இடையே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருப்பதை மண்ணடுக்குதான் காட்டும். ஆலைகளுக்காக நிலத்தைச் சமன்செய்யும் இப்பகுதியில், பொக்லைன் ஒருமுறை புரட்டினால் அந்த வரிசை போய்விடும். அதற்காக ஆலைகளே வேண்டாம் என்பதல்ல; எத்தனையோ குடும்பங்களுக்கு அவை சோறு போடுகின்றன. அஸ்திவாரம் தோண்டுமுன் தொல்லியலாளர் நிலத்தைப் பார்க்கட்டும். கிடைப்பதைக் கிடந்த இடத்திலேயே அளந்து, வரைந்து, படமெடுக்கட்டும். அலமாரிக்குக் கொண்டுபோவது அதற்குப் பிறகுதான்.