எண்ணூர் சாலையில் பயிற்சி... பூட்டான் மலையில் ஓட்டம்!

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று வட சென்னைக் கரையோரத்தில் எங்கே நின்றாலும், கடல் மட்டத்தைவிடச் சில மீட்டர்கள்தான் உயரம். இந்தச் சமதளத்தில் ஓடிப் பழகியவர், தன் முதல் அரை மாரத்தானை வெளிநாட்டு மலைப் பாதையில் ஓட முடியுமா? தாராளமாக முடியும். பயிற்சிக்கு ஒழுங்கான சாலை கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு.

அரை மாரத்தான் என்பது 21.0975 கிலோமீட்டர். ‘இந்த வயசுக்கு மேல நமக்கெதுக்கு?’ என்பவர்கள் மா.சுப்பிரமணியனைப் பார்க்கலாம். சென்னையின் முன்னாள் மேயரான அவர், சாலை விபத்தில் காலில் பலத்த அடிபட்ட பிறகு ஓட்டத்துக்கு வந்தவர். உள்ளூரிலும் வெளிநாடுகளிலுமாக 100-க்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார்.

பக்கத்திலேயே ஒரு மலைநாடு

மலை ஓட்டம் என்றாலே சுவிட்சர்லாந்துதான் நினைவுக்கு வரும். நம் பர்ஸுக்கு ஏற்றது பூட்டான். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் இல்லாதவர்கள் வாக்காளர் அடையாள அட்டையுடன் போகலாம். நிலைத்த வளர்ச்சிக் கட்டணமாக ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்ட வேண்டும். நியூ ஜல்பைகுரி வரை ரயில், பிறகு எல்லை ஊரான புன்ஷோலிங் வழியாகச் சாலைப் பயணம் என்று போனால் விமானச் செலவும் மிச்சம்.

அங்குள்ள பாரோ பள்ளத்தாக்கில் நடக்கும் தண்டர் டிராகன் மாரத்தானில் அரை மாரத்தானும் உண்டு. ஆற்றங்கரை, நெல் வயல், ஆப்பிள் தோட்டம், பழைய கோட்டை மடாலயம் என்று கண்ணுக்கு விருந்து வைக்கும் பள்ளத்தாக்கு அது. ஆனால், நுரையீரலுக்குச் சோதனை. பாரோவின் உயரம் சுமார் 2,200 மீட்டர். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், நம் கடலோரக் காசிமேட்டில் கிடைப்பதைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. அதனால் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே போய் உடம்பைப் பழக்க வேண்டும். மூச்சு முட்டினால் ஏற்றத்தில் நடக்கலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. முதல் ஓட்டத்தில் நேரக் கணக்கு வேண்டாம், முடித்தால் போதும்.

மேம்பாலமே மலை

மலை இல்லாத ஊரில் மலைக்குப் பயிற்சி எடுக்கவும் வழி இருக்கிறது. மின்ட் மேம்பாலத்தில் விடிவதற்குள் பத்து முறை ஏறி இறங்கினால் தொடை சொல்லும் சேதியே வேறு. ரயில்வே நடைமேம்பாலங்களின் படிக்கட்டும் கைகொடுக்கும். ஏறுவதைவிட இறங்குவதில்தான் தொடையின் முன்பக்கத் தசைக்கு அடி அதிகம். அதனால் இறக்கத்தில் சின்னச் சின்ன அடியாக வைத்துப் பழக வேண்டும். வாரத்தில் ஒருநாள் ஏற்றம், ஒருநாள் நீண்ட ஓட்டம், மற்ற நாள்களில் நிதானமான ஓட்டமும் ஓய்வும். நீண்ட ஓட்டத்தை மெல்ல மெல்ல 16, 18 கிலோமீட்டருக்குக் கொண்டுவர நான்கு மாதமாவது வேண்டும். ஒரு லாபமும் உண்டு: நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓடுகிறவர்களுக்கு ரத்தத்தில் பிளாஸ்மாவின் அளவு கூடும். அது குளிர்ப் பிரதேசத்து ஓட்டத்துக்கும் ஓரளவு உதவும் என்கிறார்கள் உடற்பயிற்சி ஆய்வாளர்கள் சிலர்.

லாரியும் புகையும்

தூரத்துக்குப் பஞ்சமில்லை. ராயபுரம் கல்மண்டபத்தில் இருந்து எண்ணூர் போய்த் திரும்பினாலே அரை மாரத்தான் தூரம் தாண்டிவிடும். ஆனால், அந்தச் சாலையில் ஓட்டக்காரருக்கு இடம் எங்கே? துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் ஓரத்தை அடைத்து நிற்கும். இரண்டு ட்ரெய்லர்களுக்கு நடுவே ஸ்டவ் பற்றவைத்து டிரைவர் சமைத்துக்கொண்டிருப்பார். அவரைச் சுற்றிக்கொண்டு நடுரோட்டுக்கு வந்தால், பின்னாலேயே ஏர்ஹாரன் அலறும். காலடியில் சல்லியும் கிரீஸும். காசிமேட்டை நெருங்கினால் மீன் வண்டிகளில் இருந்து வடிந்த ஐஸ் தண்ணீர் வழுக்கும்.

காற்று அதைவிடச் சிக்கல். விடியற்காலையில் பெரும்பாலும் நிலத்தில் இருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். திருவொற்றியூருக்கு மேற்கே இருப்பது மணலியின் ஆலைகள். வெயில் ஏறிய பிறகு கடல் காற்று வந்தால் புகை விலகும்; ஆனால், அப்போது ஓட முடியாத சூடு. ஓடும்போது நாம் இழுக்கும் காற்று, சும்மா இருக்கும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு. ஆலை நாற்றம் மூக்கைத் துளைக்கும் நாள்களில் ஓட்டத்தைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம்.

குத்துச்சண்டையிலும் கேரமிலும் பேர் வாங்கிய மண் இந்த வட சென்னை. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காசிமா இந்தப் பகுதியின் பெண்தான். கேரமுக்கு ஒரு பலகையும் நாலு பேரும் போதும். ஓட்டத்துக்குச் சாலை வேண்டும், சுவாசிக்கக் காற்று வேண்டும். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலை வண்டிகளை நிறுத்திவைத்து மக்களுக்கு வழிவிட்டதை இந்த நகரம் பார்த்திருக்கிறது. மீன் வியாபாரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல், திருவொற்றியூருக்கும் எர்ணாவூருக்கும் இடையே கடலோரமாக ஒரு பகுதியை ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்கித் தர மாநகராட்சியும் போக்குவரத்துக் காவல்துறையும் முன்வர வேண்டும்!