ஏழை வீட்டு பிள்ளைக்கு தனியார் பள்ளியில் 25 சதவீத இடம்: பீஸ் கட்டுவது யார்? பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய விவரம்

மணமேல்குடி:

ஏப்ரல் 15 வந்தால் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகள் கரைக்கு வந்துவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். படகில் போகிறவருக்கும் வேலை இல்லை, ஐஸ் உடைப்பவருக்கும் வேலை இல்லை, மீன் கூடை தூக்கும் பெண்களுக்கும் கூலி இல்லை. சரியாக இதே நேரத்தில்தான் பள்ளிக்கூட அட்மிஷனும் வருகிறது. கையில் காசு இல்லாத மாதத்தில்தான் பிள்ளைக்கு பீஸ் கட்ட வேண்டிய நிலைமை.

"தனியார் பள்ளியில் ஏழைங்களுக்கு இலவசமா சீட்டு உண்டாமே, அது நெசமா?" என்று டீக்கடையில் கேட்பவர்கள் நிறைய பேர். நிஜம்தான். ஆனால் அந்த சீட்டுக்கு பணம் எங்கிருந்து வருகிறது, அது நின்றுபோனால் என்ன ஆகும் என்பது பலருக்கு தெரிவதில்லை.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

சட்டம் என்ன சொல்கிறது?

6 வயது முதல் 14 வயது வரை எல்லா பிள்ளைகளுக்கும் இலவச கட்டாய கல்வி உரிமை சட்டம் 2009-ம் ஆண்டு பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 2010-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி அமலுக்கு வந்தது. அதில் 12-வது பிரிவு முக்கியமானது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள், ஆரம்ப வகுப்பில் உள்ள இடங்களில் குறைந்தது 25 சதவீதத்தை அக்கம்பக்கத்தில் உள்ள நலிந்த பிரிவு பிள்ளைகளுக்கு கொடுக்க வேண்டும். எல்.கே.ஜி.யில் 40 இடம் இருந்தால் 10 இடம். 8-ம் வகுப்பு முடிக்கும் வரை பீஸ் கிடையாது.

இதை எதிர்த்து தனியார் பள்ளிகள் சுப்ரீம் கோர்ட்டுக்கு போனார்கள். 2012-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந்தேதி, சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்தாது என்று கோர்ட்டு விலக்கு கொடுத்தது. அதனால் உங்கள் பக்கத்தில் இருக்கும் பள்ளி சிறுபான்மை அந்தஸ்து பெற்றதா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

எதற்காக இந்த 25 சதவீதம்?

இது வெறும் இலவச திட்டம் இல்லை. டாக்டர் வீட்டு பிள்ளையும் கொத்தனார் வீட்டு பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்பதுதான் நோக்கம். 1964 முதல் 1966 வரை வேலை செய்த கோத்தாரி கல்விக்குழுவே இதை சொல்லிவிட்டது. பணக்காரனுக்கு ஒரு பள்ளி, ஏழைக்கு ஒரு பள்ளி என்று பிரிந்து கிடந்தால் நாடு ஒன்றாக இருக்காது, எல்லோருக்கும் அருகாமைப் பள்ளி வேண்டும் என்றது அந்த குழு.

இந்த பிரச்சினை நமக்கு மட்டும் உள்ளதல்ல. அமெரிக்காவில் கறுப்பின பிள்ளைகளுக்கு தனிப்பள்ளி, வெள்ளையின பிள்ளைகளுக்கு தனிப்பள்ளி என்று இருந்தது. 1954-ல் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு அது தப்பு என்று தீர்ப்பு சொன்னது. பிறகு பிள்ளைகளை பஸ்சில் ஏற்றி வேறு ஏரியா பள்ளிக்கு அனுப்பினார்கள். 1974-ல் பாஸ்டன் நகரில் இதை எதிர்த்து பெரிய ரகளையே நடந்தது.

கட்டாயப்படுத்தினால் சண்டை வருகிறது என்று அவர்கள் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். சில அரசுப் பள்ளிகளில் அறிவியல், இசை என்று சிறப்பு பாடங்களை கொண்டுவந்தார்கள். நல்ல பள்ளி என்று தெரிந்ததும் எல்லா இன பெற்றோரும் தாங்களாகவே தேடி வந்தார்கள். காந்தம் மாதிரி இழுப்பதால் அதற்கு 'காந்தப் பள்ளி' என்று பெயர். 1984-ல் அந்த நாட்டு மத்திய அரசு இதற்கென்றே தனி நிதித்திட்டம் கொண்டுவந்தது.

அங்கே அரசுப் பள்ளிக்கு பணம் கொடுத்து எல்லோரையும் இழுத்தார்கள். இங்கே தனியார் பள்ளிக்கு பணம் கொடுத்து ஏழைப் பிள்ளையை சேர்க்கச் சொல்கிறோம். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். அரசு பணம் போடாமல் பிள்ளைங்க ஒன்று சேர மாட்டார்கள்.

யாருக்கு கிடைக்கும்?

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்கு குறைவாக உள்ள குடும்பத்து பிள்ளைகள் நலிந்த பிரிவில் வருவார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் ஆகியோர் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருவார்கள். ஆதரவற்ற பிள்ளைகள், மாற்றுத்திறனாளி பிள்ளைகள், துப்புரவு தொழிலாளர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு. விண்ணப்பம் அதிகமாக வந்தால் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல் நடக்கும்.

ஒரு கண்டிஷன் இருக்கிறது. வீட்டில் இருந்து 1 கிலோ மீட்டருக்குள் அந்த பள்ளி இருக்க வேண்டும். டவுனில் குடியிருப்பவருக்கு இது பிரச்சினை இல்லை. ஆனால் கடலோர குடியிருப்பில் 1 கிலோ மீட்டருக்குள் தனியார் பள்ளியே இல்லை என்றால் சட்டம் இருந்தும் பிரயோஜனம் இல்லை. மிகவும் தேவைப்படுகிறவருக்கே எட்டாமல் போவது இந்த இடத்தில்தான்.

பீஸ் கட்டுவது யார்?

பெற்றோர் கட்ட வேண்டாம். அரசு கட்டும். ஆனால் பள்ளி கேட்கிற தொகையை அப்படியே கொடுக்காது. அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு அரசு எவ்வளவு செலவு செய்கிறதோ அந்த தொகை ஒரு பக்கம், தனியார் பள்ளியின் பீஸ் ஒரு பக்கம். இரண்டில் எது குறைவோ அதைத்தான் அரசு கொடுக்கும்.

புரிவதற்காக ஒரு கணக்கு. பள்ளியின் பீஸ் 15 ஆயிரம் ரூபாய், அரசின் செலவு 12 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அரசு 12 ஆயிரம்தான் தரும். மீதி 3 ஆயிரத்தை பெற்றோரிடம் கேட்கக்கூடாது.

இந்த பணத்தில் மத்திய அரசின் பங்கும் இருக்கிறது. 'சமக்ர சிக்ஷா' என்ற கல்வித்திட்டத்தின் வழியாக அது மாநிலத்துக்கு வரும். அந்த திட்டத்தில் மத்திய அரசு 60 ரூபாய் போட்டால் மாநில அரசு 40 ரூபாய் போட வேண்டும்.

2025-ல் நடந்தது என்ன?

2024-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந்தேதி முதல் மே 20-ந்தேதி வரை ஆன்லைனில் விண்ணப்பம் வாங்கினார்கள். அடுத்த வருஷம் 2025 ஏப்ரல் வந்தது, மே வந்தது. வெப்சைட் திறக்கவே இல்லை. பெற்றோர் பிள்ளையின் பிறப்பு சான்றிதழை கையில் வைத்துக்கொண்டு அலைந்ததுதான் மிச்சம்.

காரணம் பணத் தகராறு. 'பி.எம்.ஸ்ரீ' பள்ளி திட்டத்தில் தமிழக அரசு கையெழுத்து போடவில்லை. கையெழுத்து போட்டால் புதிய கல்விக் கொள்கையை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும் என்றது மாநில அரசு. சமக்ர சிக்ஷாவில் 2024-25-ம் ஆண்டுக்கு வரவேண்டிய 2 ஆயிரத்து 152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. மாநில அரசு 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டுக்கு போனது.

இதற்கிடையே சென்னை ஐகோர்ட்டில் ஒரு பொதுநல வழக்கு நடந்தது. 2025 ஜூன் 10-ந்தேதி தீர்ப்பு வந்தது. 25 சதவீத இடத்துக்கான பணத்தை பி.எம்.ஸ்ரீ விவகாரத்தோடு முடிச்சு போட தேவையில்லை என்று கோர்ட்டு சொன்னது. அதே நேரத்தில், மத்திய அரசு பணம் தரவில்லை என்று சொல்லி மாநில அரசும் பொறுப்பை தட்டிக்கழிக்க முடியாது என்றது.

கடைசியில் மத்திய அரசு பணத்தை விடுவித்த பிறகு, 2025 அக்டோபரில் சேர்க்கை ஆரம்பமானது. ஆனால் அதற்குள் பள்ளிக்கூடம் திறந்து 4 மாதம் ஓடிவிட்டது. அதனால் அந்த பள்ளிகளில் ஏற்கனவே சேர்ந்திருந்த பிள்ளைகளில் தகுதி உள்ளவர்களை 25 சதவீத கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். வாங்கிய பீசை திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பள்ளிகளுக்கு உத்தரவு போனது.

இதில்தான் வேதனை இருக்கிறது. ஜூன் மாதம் எப்படியோ கடன் வாங்கி பீஸ் கட்டியவருக்கு அக்டோபரில் இலவசம் கிடைத்தது. தடைக்காலத்தில் கையில் காசு இல்லாமல் விட்டவருக்கு எதுவும் இல்லை. யாருக்காக சட்டம் போட்டார்களோ அவரே வெளியே நின்றார். 2 அரசுகளுக்கும் இடையே நடந்த இழுபறியில் எல்.கே.ஜி. பிள்ளையின் ஒரு வருஷம் போய்விட்டது.

தனி பெஞ்ச் கூடாது

சீட்டு கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கக்கூடாது. 25 சதவீதத்தில் சேர்ந்த பிள்ளையை தனி வகுப்பில் வைக்கக்கூடாது, தனி நேரத்தில் பாடம் நடத்தக்கூடாது என்று விதி இருக்கிறது. புத்தகம், சீருடை, நூலகம், விளையாட்டு எதிலும் பாகுபாடு காட்டக்கூடாது.

பிள்ளைக்கோ பெற்றோருக்கோ பரீட்சை, இன்டர்வியூ வைக்கவும் கூடாது. மீறினால் முதல் தடவை 25 ஆயிரம் ரூபாய் வரை, அடுத்தடுத்த தடவை 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கிய தொகையைப்போல 10 மடங்கு வரை அபராதம்.

"இது கவர்ன்மெண்ட் சீட்டு, சத்தம் போடாம இருங்க" என்று யாராவது சொன்னால் தலைகுனிய வேண்டாம். அது தர்மமாக கொடுத்த சீட்டு இல்லை. நம்ம வரிப்பணத்தில் பீஸ் கட்டி வாங்கிய இடம். என்ன பெயரில் பணம் கேட்டாலும் ரசீது கேளுங்கள். ரசீது இருந்தால் கல்வி அதிகாரியிடம் புகார் கொடுக்கும்போது கைகொடுக்கும்.

8-ம் வகுப்புக்கு பிறகு?

இலவசம் 8-ம் வகுப்போடு முடிந்துவிடும். 9-ம் வகுப்பில் இருந்து முழு பீஸ். இந்த இடத்தில்தான் நிறைய குடும்பங்கள் திணறுகின்றன.

அப்போது அரசுப் பள்ளிக்கு மாறினால் ஒரு லாபம் இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ம் ஆண்டு வந்தது. 6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது உண்டு. அதோடு, 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் 8-ம் வகுப்பு வரை படித்துவிட்டு, 9 முதல் பிளஸ்-2 வரை அரசுப் பள்ளியில் படித்தவரும் இதில் சேர்த்தி. அதனால் எந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தோம் என்பதற்கான காகிதத்தை பத்திரமாக வைத்திருங்கள். பின்னாளில் அதுதான் கைகொடுக்கும்.

அரசுப் பள்ளி காலியாகிறதா?

இந்த திட்டத்தை குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள். அரசுப் பணத்தை தனியாருக்கு கொடுத்து, அரசுப் பள்ளியில் இருந்து பிள்ளைகளை அனுப்பிவிடுகிறோம் என்பது அவர்கள் வாதம். ஒதுக்கி தள்ளிவிட முடியாத வாதம் அது. பிள்ளை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறையும். ஆசிரியர் குறைந்தால் இன்னும் பிள்ளை குறையும்.

அதற்கு பதில்தான் நம்ம ஊர் காந்தம். 2022-ல் மதுரையில் ஆரம்பித்து 2023-ல் மாநிலம் முழுவதும் அரசு தொடக்கப்பள்ளிகளுக்கு விரிவான காலை உணவு திட்டம் ஒன்று. 7.5 சதவீத ஒதுக்கீடு இன்னொன்று. அரசுப் பள்ளியில் இதெல்லாம் இருக்கிறது என்று தெரிந்தால் பெற்றோர் தானாக வருவார்கள். வசதி உள்ளவரும் வரும்போதுதான் ஒரே பெஞ்ச் என்பது நிஜமாகும்.

இரண்டில் எதை தேர்ந்தெடுப்பது என்பது பெற்றோர் விருப்பம். ஆனால் தெரியாமல் விட்டுவிடக்கூடாது. பிறப்பு சான்றிதழ், சாதி சான்றிதழ், வருமான சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் இவை எல்லாவற்றையும் மார்ச் மாதத்துக்குள் தயார் செய்து வையுங்கள். வருமான சான்றிதழுக்கு கடைசி நேரத்தில் இ-சேவை மையத்தில் கூட்டம் நிற்கும். அந்த வருஷத்துக்கான அறிவிப்பு வந்துவிட்டதா என்று வட்டார கல்வி அலுவலகத்தில் கேளுங்கள்.

படகு கரையில் நிற்கும் 61 நாளும் பிள்ளையின் படிப்பும் சேர்ந்து நிற்க வேண்டும் என்று எந்த சட்டமும் சொல்லவில்லை.