ஒரே கையை நீட்டுகிறதா உங்கள் குழந்தை?

பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால், 'கப்'பென்று பிடித்துக்கொள்ளும். ''பார்த்தீங்களா, பாட்டியை அடையாளம் தெரியுது!'' என்று வீடே பூரிக்கும். உண்மையில் அது குழந்தை நினைத்துப் பிடிப்பதல்ல. தானாக நடக்கும் அனிச்சைச் செயல். ஐந்தாறு மாதத்துக்குள் அது மறைந்து, குழந்தை தானே விரும்பி எடுக்கும் பிடி வந்துவிடும்.

மூன்று மாதத்தில் மூடிய விரல்கள் மெல்லத் திறக்கும். தொங்கும் கிலுகிலுப்பையைத் தட்டிப் பார்க்கும், குறி தவறும். நான்கு, ஐந்து மாதத்தில் எட்டிப் பிடிக்கும். பிடித்தது நேரே வாய்க்குத்தான்! ஆறேழு மாதத்தில் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும். ஒன்பது, பத்து மாதத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, தரையில் கிடக்கும் ஒற்றைப் பருக்கையையும் பொறுக்கிவிடும். பிள்ளைத்தமிழில் கை கொட்டும் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்தில் வைத்தார்கள். இரு கைகளும் ஒன்றுசேர்ந்து விளையாடும் காலம் அது.

''ஏழு மாசத்திலேயே எல்லாத்தையும் இடது கையாலதான் எடுக்கிறான் டாக்டர். இவன் தாத்தாவும் இடது கைக்காரர்!'' என்று பெருமைப்படும் தாய்மார்கள் உண்டு. இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். முதல் வருடத்தில் குழந்தை இரு கைகளையும் ஏறக்குறைய சமமாகவே பயன்படுத்தும். அப்போதே எப்பவும் ஒரே கை என்றால், மறு கையில் பலவீனம் இருக்கலாம். வலது கையானாலும் இதேதான். பெருமூளை வாதத்தின் ஆரம்ப அறிகுறியாகவும் இருக்கலாம்.

குழந்தையை மடியில் நேராக உட்காரவைத்து, பொம்மையை நெஞ்சுக்கு நேரே காட்டுங்கள். பிறகு வலப்பக்கம், இடப்பக்கம் காட்டுங்கள். சில நாட்கள் இப்படிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எப்போது டாக்டரிடம் போகணும்?

* எந்தப் பக்கம் காட்டினாலும் ஒரே கையை நீட்டினால்.

* மூன்று மாதம் தாண்டியும் கட்டைவிரலை உள்ளே மடக்கி, கையை இறுக்கியே வைத்திருந்தால்.

* ஆறு மாதமாகியும் எதையும் எட்டிப் பிடிக்காவிட்டால்.

(குறைமாதக் குழந்தை என்றால், பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து மாதக் கணக்கைப் பாருங்கள்.)

சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்... ''எண்ணெய் தடவி உருவினா சரியாப் போயிடும்'' என்று மாதங்களைத் தள்ளாதீர்கள். முதலில் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். மூளை வேகமாக வளரும் இந்த வயதிலேயே பயிற்சியை ஆரம்பித்தால் பலன் அதிகம்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. கையுறையைக் கழற்றிவிடுங்கள். நாள் முழுக்கத் தூளியிலேயே போடாமல், விழித்திருக்கும்போது பாயில் விட்டு, பக்கத்தில் இருந்து விளையாட்டுக் காட்டுங்கள். எட்டிப் பிடிக்க ஆரம்பித்துவிட்டால் கடலை, புளியங்கொட்டை, பட்டன் பேட்டரி எதுவும் கைக்கு எட்டக் கூடாது. கையில் கட்டிய வசம்பு வளையலும்கூட வாய்க்குப் போய், உடைந்த துண்டு தொண்டையில் அடைக்கலாம். அதையும் இன்றே அவிழ்த்துவிடுங்கள்!