தாங்கி நிற்கும் சுரம்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளம் தொடங்கி மாமல்லபுரம் வரை உள்ள விடுதிகளிலும் கடலோர மேடைகளிலும் வார இறுதி மாலைகளில் வாசிக்கும் இசைக்குழுக்களைக் கவனித்தால், பாடகரும் கிட்டார் கலைஞரும் கூட்டத்தின் கண்ணை எளிதில் கவர்ந்துவிட, நான்கு தடித்த கம்பிகள் பூட்டிய நீண்ட கருவியுடன் டிரம்ஸை ஒட்டி நிற்பவர் பெரும்பாலும் எவர் பார்வையிலும் படாமலே போவது தெரியவரும். அவர் கையில் இருப்பது பேஸ் கிட்டார். சாதாரணக் கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளைவிட ஒரு ஸ்தாயி கீழே சுருதி சேர்க்கப்படும் இக்கருவி, டிரம்ஸ் எங்கே விழுகிறது என்பதையும் பாடகர் எந்தச் சுரத்தில் நிற்கிறார் என்பதையும் ஒருசேரக் கேட்டு, இரண்டையும் பிணைத்துத் தர வேண்டியது. இதைக் கற்க வரும் இளைஞர்கள் எந்த நிறுவனத்தின் கருவியை வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் இக்கருவி ஒரு பாட்டில் என்ன வேலை செய்கிறது என்பதைக் காது அறிந்துகொண்ட பிறகே அக்கேள்விக்குப் பொருள் உண்டாகிறது.

மேற்கத்திய இசையில் தாழ்சுரத்தை நெடுங்காலம் சுமந்துவந்தது, ஆளைவிட உயர்ந்து நிற்கும் டபுள் பேஸ் என்ற மரக்கருவி. அதன் கழுத்தில் சுரத்தானங்களைக் காட்டும் குறுக்குக் கம்பிகள் கிடையாது என்பதால் விரல் வைக்கும் இடத்தைப் பழக்கத்தால் மட்டுமே அறிய முடியும். பெரிய குழுவில் அதன் ஒலி மற்ற வாத்தியங்களுக்கு அடியில் அமுங்கியும் போகும். 1930களில் சியாட்டில் நகரைச் சேர்ந்த பால் டட்மார்க், குறுக்குக் கம்பிகளுடன் கூடிய மின்சார பேஸ் ஒன்றைச் செய்து விற்றுப் பார்த்தார், அது பரவவில்லை. 1951இல் கலிஃபோர்னியாவின் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரெசிஷன் பேஸ்தான் உலகெங்கும் நிலைபெற்றது. வீணைக்காரர் மெட்டு என்பதைக் கிட்டார்காரர் ஃப்ரெட் என்பார். அந்த ஃப்ரெட்டுகள் இருந்தமையால், விரல் சற்று முன்பின்னாக விழுந்தாலும் சுருதி தவறாத நிலை தாழ்சுரக் கருவிக்கும் வாய்த்தது.

இத்தகைய மாற்றம் தமிழகத்துக்குப் புதிதன்று. 24 மெட்டுகளை நிலையாகப் பதித்த வீணை, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் உருவானதாகக் கூறுவது இசை மரபு. மாமல்லபுரத்தின் தர்மராஜ ரதத்தில் வீணாதரராகச் செதுக்கப்பட்டுள்ள சிவனின் கைக்கருவி அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் மூத்தது. ஆயினும் வீணையின் மெட்டுகள் உயர்ந்து நிற்பதால் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்க முடிகிறது, பேஸ் கிட்டாரின் தடித்த கம்பிகளோ அவ்வளவு இழுப்புக்கு இடம் தருவதில்லை. சுரங்களுக்கிடையே வழுக்கிச் செல்ல விரும்புவோர் ஃப்ரெட் நீக்கிய பேஸை நாடுவது இதனால்தான்; அமெரிக்கரான ஜாக்கோ பாஸ்டோரியஸ் 1970களில் அவ்வகைக் கருவியைப் புகழ்பெறச் செய்தார்.

தமிழ்நாட்டில் இக்கருவியைக் கோடிக்கணக்கானோரின் காதுக்குக் கொண்டுசென்றது திரையிசை. 1976இல் ‘அன்னக்கிளி’யுடன் இசையமைப்பாளரான இளையராஜா, அதற்கு முன் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றவர், ஜி. கே. வெங்கடேஷின் குழுவில் கிட்டார் வாசித்தவர். ஒவ்வொரு வாத்தியத்துக்குமான இசைக்குறிப்பைத் தம் கையாலேயே எழுதித் தரும் வழக்கம் உடையவர் என்பதால், பேஸ் கலைஞர் ஏதோ ஒரு சுரத்தைத் தட்டிக்கொண்டிருக்கட்டும் என்று அவர் விட்டதில்லை. 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்தின் ‘பூங்கதவே தாழ்திறவாய்’, அதே ஆண்டின் ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ படத்தின் ‘பருவமே புதிய பாடல் பாடு’ ஆகியவற்றை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டு, குரலை விட்டுவிட்டு அடியில் ஓடும் இழையை மட்டும் பின்தொடர்ந்தால், அது பாடகரின் வரியைத் திருப்பிச் சொல்லாமல் தனக்கென ஒரு பாட்டை நடத்திக்கொண்டு போவது விளங்கும். அவர் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரன், பிற்காலத்தில் ஏ. ஆர். ரகுமானின் பாடல்கள் பலவற்றில் வாசித்த சென்னைக் கலைஞர் கீத் பீட்டர்ஸ் ஆகியோரின் பெயர்கள் ஒலிநாடா உறைகளில் முன்னே வரவில்லை என்றாலும், தமிழர் பலர் தாமறியாமலே அவர்களின் விரல்களை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். ‘என்னமோ ஏதோ’ பாடலால் 2011இல் பாடகராக அறியப்பட்ட ஆலாப் ராஜு அதற்கு முன்பே பேஸ் கலைஞர் என்பதும், ரகுமானின் மேடைகளில் வாசித்த மும்பையின் மோகினி டே இக்கருவியை மேடையின் முன்வரிசைக்கே கொண்டுவந்தவர் என்பதும் இங்கே சேர்த்துச் சொல்லத் தக்கவை.

இதில் ஒரு வியப்பும் உண்டு. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பியான ஈ, நொடிக்கு 41 அதிர்வுகள் அளவில் ஒலிப்பது. தேநீர்க்கடை வானொலிகளிலும் பேருந்து டேப் ரெக்கார்டர்களிலும் இருந்த சிறு ஒலிபெருக்கிகளால் அவ்வளவு தாழ்ந்த அதிர்வை எழுப்பவே இயலாது. எனினும் எந்தத் தந்தியும் தன் அடிப்படை அதிர்வுடன் அதன் இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வுகளையும் சேர்த்தே ஒலிப்பதால், 82, 123 ஆகிய மேலதிர்வுகள் காதுக்கு எட்டியதும், வராமல் போன 41ஐ மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. பேருந்தில் பேஸை ரசித்தவர்கள் கேட்டதில் ஒரு பகுதி ஒலிபெருக்கியிலிருந்து வந்ததே அன்று.

தாழ்சுரம் மேலே உள்ளவற்றின் பொருளையே மாற்றவல்லது என்பதை எளிய சோதனை ஒன்றால் அறியலாம். ச, க, ப ஆகிய மூன்று சுரங்களைக் கிட்டாரோ கீபோர்டோ ஒருசேர ஒலிக்கட்டும், க அந்தர காந்தாரமாக இருக்கட்டும். இவ்வாறு சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டைக் கார்ட் என்பர். அடியில் பேஸ் ச வாசித்தால் நிறைவும் தெளிவும் உள்ள மேஜர் கார்ட் கேட்கும். மேலே ஒன்றையும் மாற்றாமல் பேஸ் மட்டும் கீழ் ஸ்தாயியின் சதுச்ருதி தைவதத்துக்கு இறங்கிவிட்டால், அதே மூன்று சுரங்கள் மைனர் வகைக் கார்டாகி ஏக்கச் சாயல் பெறுகின்றன. தம்புரா எப்போதும் ஒரே ஆதாரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும் கர்நாடக இசையில் இந்த நகர்வுக்கு இடமில்லை. ராக அடிப்படையில் அமைந்த பாடலுக்கு பேஸ் வாசிப்பவர் அதனாலேயே கூடுதல் கவனம் கொள்ள வேண்டியிருக்கிறது. மோகனத்தில் ஒருவர் பாடும்போது பேஸ் தைவதத்தில் நெடுநேரம் நின்றால் கேட்பவர் காது அதையே ஆதார ஷட்ஜமாகக் கொள்ளத் தொடங்கி, பாட்டு சுத்த தன்யாசியாகத் திரிந்து ஒலிக்கும். காந்தாரத்தில் நின்றால் இந்தோளமாகும். இதைத்தான் கிரகபேதம் என்பர். தெரிந்து செய்தால் அது கலைநயம், தெரியாமல் நேர்ந்தால் பாடகர் திரும்பிப் பார்ப்பார்.

இனி கருவிக்கு வருவோம். முதல் பேஸ் நான்கு கம்பிகள் உடையதாக இருப்பதே பெரும்பாலோருக்குப் பொருந்தும். 31 அதிர்வுகள் வரை இறங்கும் ஐந்தாம் கம்பி கவர்ச்சியானது, ஆனால் வாசிக்காத கம்பிகள் தாமே அதிர்ந்து ஒலியைக் கலக்காதபடி அடக்கிவைக்கும் பழக்கம் கை வருவதற்குள் அது தொல்லையாகிவிடும். தலைப்பக்கக் கட்டைக்கும் உடற்பகுதியில் உள்ள பாலத்துக்கும் இடைப்பட்ட கம்பி நீளத்தை ஸ்கேல் என்பர். வழக்கமான அளவு 34 அங்குலம், சிறுவர்க்கும் சிறிய கை உடையோர்க்கும் 30 அங்குல வகை கிடைக்கிறது. கம்பியின் அசைவை மின்னலையாக்கும் காந்தச் சுருளான பிக்-அப்பில், மின்கலம் வேண்டாத பேசிவ் வகையும், 9 வோல்ட் மின்கலத்தால் உள்ளேயே ஒலியைச் சீர்செய்யும் ஆக்டிவ் வகையும் உண்டு. கச்சேரி நடுவே மின்கலம் தீர்ந்துபோகும் வாய்ப்பை எண்ணினால் தொடக்கத்துக்கு முன்னதே போதும். 1842இல் தொடங்கி இன்றும் சென்னை அண்ணா சாலையில் இயங்கும் மியூசி மியூசிகல் போன்ற கடைகளுக்கு நேரில் சென்று, நின்ற நிலையில் தோள்வாருடன் மாட்டிப் பார்த்து, கழுத்துப்பகுதி தானாகக் கீழே சரிகிறதா என்று அறிவது, இணையத்தில் நூறு மதிப்புரைகள் படிப்பதைவிடப் பயன் தரும். விலை உயர்ந்த கருவியைவிட, நடுத்தர விலைக் கருவியும் அதைக் கைதேர்ந்த பழுதுநீக்குநரிடம் செட்டப் செய்துகொள்ளும் செலவும் சேர்ந்ததே நல்ல முதலீடு. சாதாரணக் கிட்டாருக்கான ஆம்ப்ளிஃபயரில் பேஸை உரக்க வாசித்தால் அதன் ஒலிபெருக்கி கிழியக்கூடும் என்பதால், சிறியதானாலும் பேஸுக்கென்றே செய்த ஆம்ப் தேவை.

கடலோரத்தில் வாழ்பவருக்கு வேறொரு கணக்கும் இருக்கிறது. நான்கு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை சுமார் 80 கிலோ எடைக்கு நிகரானது. அதை எதிர்த்து நிற்பதற்காகவே கழுத்தினுள் டிரஸ் ராட் என்ற எஃகுக் கம்பி பொதிந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாமல்லபுரம் போன்ற ஊர்களில் காற்றின் ஈரத்தை மரம் உறிஞ்சி உப்பும்போது கழுத்தின் வளைவு மாறிவிட, நேற்றுவரை மென்மையாக இருந்த கருவி இன்று விரலை வருத்தும். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்திக்கொண்டு, ஏழாம் ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும்: அங்கே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு சந்து இருந்தால் கழுத்து நலமாக இருக்கிறது, அதைவிடக் கூடினாலோ அறவே இல்லாமல் போனாலோ டிரஸ் ராட்டைக் கால் திருகு மட்டும் திருப்பி, ஒருநாள் விட்டுப் பார்ப்பதே முறை. உப்புக்காற்றில் நிக்கல் பூசிய கம்பிகள் விரைவில் கறுத்து மங்குகின்றன. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்புறம் சேர்த்துத் துடைப்பதும், உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைப்பதும் அவற்றின் ஆயுளைக் கூட்டும். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், வலக்கையின் ஒற்றை விரலால் மட்டுமே மீட்டியவர், கம்பிகள் அறுந்தாலொழிய மாற்றாதவர் என்று புகழ்பெற்றவர். கோவளத்தில் வாழ்ந்திருந்தால் அந்த வழக்கத்தைத் துரு அவருக்கு விட்டுவைத்திருக்குமா என்பது ஐயமே.

கடற்கரை மேடை பேஸ் கலைஞருக்குக் கடினமான இடமும்கூட. கோவளத்தில் 2013இல் தொடங்கி ஆண்டுதோறும் சில காலம் நடந்த அலைச்சறுக்கு, இசை, யோகா விழா போன்றவற்றில் திறந்தவெளியில் வாசிப்போர், அரங்கத்துக்குள் பழகிய ஒலி காணாமல் போவதை உணர்வார்கள். 41 அதிர்வுகள் கொண்ட ஒலியலை ஒன்றின் நீளமே எட்டு மீட்டருக்கு மேல். சுவர்கள் உள்ள அறையில் அது திரும்பிவந்து தடிக்கிறது, மணலும் கடலும் மட்டுமுள்ள வெளியில் எல்லாப் பக்கமும் பரவிப் போய்விடுகிறது. பதற்றத்தில் பலர் தாழொலியைக் கூட்டும் குமிழைத் திருகுவார்கள், அதனால் குழப்பமே மிகும். 100 முதல் 250 அதிர்வுகள் வரையுள்ள பகுதியைத் தெளிவாக வைத்துக்கொண்டு, மிகத் தாழ்ந்த பகுதியைச் சற்றுக் குறைத்தால் சுரம் இன்னதென்று கடைசி வரிசைக்கும் புலப்படும். மேலே சொன்ன மூளையின் நிரப்பும் வேலை இங்கும் கைகொடுக்கிறது.

பயிற்சியைப் பொறுத்தவரை, வேகம் கடைசியில் வர வேண்டியது. ஒரு சுரத்தை எப்போது தொடங்குவது என்பதில் காட்டும் அக்கறையை எப்போது நிறுத்துவது என்பதில் பெரும்பாலோர் காட்டுவதில்லை. ஏதேனும் நான்கு சுரங்களை நீட்டி வாசித்தால் பாட்டு மிதக்கும், அவற்றையே பாதியில் கையால் அடக்கி வாசித்தால் துள்ளும். மெட்ரோனோமை, அதாவது தாளம் தவறாமல் தட்டிக்கொண்டிருக்கும் கருவியை, நிமிடத்துக்கு 60 தட்டுகளாக வைத்து, ஒரே சுரத்தை மூன்று தட்டுகளுக்கு ஒலிக்கவிட்டு நான்காம் தட்டின் தொடக்கத்தில் சுத்தமாக நிறுத்தும் பயிற்சி பார்வைக்கு எளிது, கைபேசியில் பதிந்து கேட்டால் உண்மை தெரியும். கொன்னக்கோல் சொற்கட்டுகளை வாயால் சொல்லிக்கொண்டே ஆதார சுரத்தில் அவற்றை மீட்டுவது, டிரம்ஸுக்கு மட்டுமன்றித் தவிலுக்கும் பறைக்கும் இணையாக நிற்கும் திறனைத் தரும். பிரபல பாடல் ஒன்றின் பேஸ் வரியை இசைக்குறிப்பு பார்க்காமல் காதால் பிடித்து, முதலில் வாயால் பாடி, பிறகே கருவியில் தேட வேண்டும். முறையாகப் படிக்க விரும்புவோருக்கு லண்டன் டிரினிட்டி கல்லூரியின் ராக் அண்ட் பாப் தேர்வுகளில் பேஸுக்கு எட்டாம் நிலை வரை பாடத்திட்டம் இருக்கிறது. ரகுமான் 2008இல் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி போன்ற நிறுவனங்களும் உள்ளன. தேவாலயப் பாடகர் குழுக்களும் திருமண மெல்லிசைக் குழுக்களும் தரும் பயிற்சியை இவற்றுக்குக் குறைந்ததாக எண்ண வேண்டியதில்லை. ஒத்திகையின் முதல் அரை மணி நேரத்தைப் பாடகரும் கிட்டாரும் இல்லாமல் டிரம்ஸுக்கும் பேஸுக்கும் மட்டும் ஒதுக்கிப் பார்க்கும் குழுக்களில், அன்றைய பாட்டு எங்கே தடுமாறப் போகிறது என்பது அதற்குள்ளாகவே தெரிந்துவிடுகிறது.