இமயத்தில் பனிச்சரிவு எச்சரிக்கை. எல்லை மலைகளில் காப்பது யார்?

புது தில்லி: குளிர்காலம் தொடங்கிவிட்டால் சண்டீகரிலிருந்து பனிச்சரிவு எச்சரிக்கைகள் வெளிவரத் தொடங்குகின்றன. ஜம்மு-காஷ்மீர், லடாக், இமாசலப் பிரதேசம், உத்தரகண்ட் ஆகிய பகுதிகளில் எந்த மாவட்டத்தில், எத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல், எந்த அளவுக்கு ஆபத்து உள்ளது என்பதை ஐந்து நிலைகளாகப் பிரித்து அவை தெரிவிக்கின்றன. ராணுவமும் சாலைப் பணியாளர்களும் மலையேறுவோரும் அவற்றைப் பார்த்தே பயணத்தை முடிவு செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்தப் பணியை 1969-ல் தொடங்கப்பட்ட பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் நீண்டகாலம் செய்து வந்தது. 2020-ல் அது பாதுகாப்புத் துறையின் மற்றோர் ஆய்வகத்துடன் இணைக்கப்பட்டு, பாதுகாப்புப் புவித் தகவலியல் ஆராய்ச்சி நிறுவனமாக மாற்றப்பட்டது.

பனியே விழாத பாலக்காடு, இடுக்கி எல்லை மலைகளுக்கும் இந்த எச்சரிக்கைகளுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எழலாம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009-ல் நிலச்சரிவையும் பனிச்சரிவையும் ஒரே வழிகாட்டு நெறிமுறையில்தான் சேர்த்து வெளியிட்டது. இரண்டும் இயங்கும் விதம் ஏறத்தாழ ஒன்றே. செங்குத்துச் சரிவில் பழைய பனியின் மீது புதிய பனி கனமாகப் படியும்போது, இடையில் உள்ள உறுதியற்ற அடுக்கு நழுவினால் பனிச்சரிவு. பாறையின் மீது கிடக்கும் மண் மழைநீரைக் குடித்துக் கனம் ஏறிப் பிடிப்பை இழந்தால் நிலச்சரிவு. இரண்டிலும் தப்புவதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.

தமிழர்களின் இழப்பு

பனிச்சரிவு தமிழகத்துக்குத் தொலைதூரச் செய்தியும் அன்று. 2016 பிப்ரவரி 3-ம் தேதி சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல்நிலை பனிச்சரிவில் புதைந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த 10 வீரர்கள் அதில் சிக்கினர். அவர்களில் நால்வர் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். ஆறு நாள்களுக்குப் பின் உயிருடன் மீட்கப்பட்ட கர்நாடக வீரர் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11-ம் தேதி தில்லி ராணுவ மருத்துவமனையில் உயிரிழந்தார்.

2022 அக்டோபர் 4-ம் தேதி உத்தரகண்டின் திரௌபதி கா தண்டா சிகரத்தில் மலையேற்றப் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கியதில் 27 உடல்கள் மீட்கப்பட்டன, இருவரைக் காணவில்லை. 2025 பிப்ரவரி 28-ம் தேதி அதே மாநிலத்தின் மாணா அருகே எல்லைச் சாலை அமைப்பின் முகாமில் 54 தொழிலாளர்கள் சிக்கினர். 46 பேர் மீட்கப்பட்டனர். 8 பேர் உயிரிழந்தனர். அந்த மாவட்டத்துக்கு முதல் நாளே பனிச்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை வெளியிடுவது வேறு, முகாமில் உறங்கும் தொழிலாளியை அது வெளியேற்றுவது வேறு என்பதை அந்தச் சம்பவம் உணர்த்தியது.

மலம்புழை தந்த பாடம்

சியாச்சினில் வீரர்களை இழந்த அதே மெட்ராஸ் ரெஜிமெண்ட்தான், 2022 பிப்ரவரியில் பாலக்காடு மாவட்டத்துக்கு உதவிக்கு அழைக்கப்பட்டது. மலம்புழை அருகே உள்ள கூர்ம்பாச்சி மலையில் பிப்ரவரி 7-ம் தேதி நண்பர்களுடன் ஏறிய இளைஞர் ஒருவர், கால் தவறி விழுந்து செங்குத்துப் பாறையின் பிளவு ஒன்றில் சிக்கிக்கொண்டார். மறுநாள் வந்த கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டரால் பாறையை நெருங்க முடியவில்லை. குன்னூர் வெலிங்டனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ராணுவக் குழுக்கள் வரவழைக்கப்பட்டன. இரவோடு இரவாக மலை ஏறிய வீரர்கள் 9-ம் தேதி காலை கயிற்றில் இறங்கி, முதலில் தண்ணீர் கொடுத்து, பின்னர் அவரை உச்சிக்கு ஏற்றினர். ஏறத்தாழ 45 மணி நேரம் அவர் உணவும் நீரும் இன்றி இருந்தார்.

அனுமதியின்றி வனப்பகுதிக்குள் நுழைந்ததற்காக அவர் மீது பின்னர் வழக்கும் பதிவானது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால், பிப்ரவரியில் அந்தப் பாறைகள் எத்தகையவை என்பதை ஏறுவதற்கு முன் சொல்வதற்கு இமயத்தில் உள்ளதைப் போன்ற ஏற்பாடு வேண்டாமா என்ற கேள்வியை வழக்கு தீர்த்துவிடாது.

பாலக்காட்டுக் கணவாய்க்கு என்று தனிக் குளிர்காலம் உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்று கணவாய் வழியே பலமாக வீசுகிறது. வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை போன்ற தமிழ் பேசும் எல்லை ஊர்கள் மழை குறைந்த பகுதியில் அமைந்தவை. பகலில் பாறை கொதிக்கும்; நிழலும் நீரும் கிடைக்காது. புல் காய்ந்து நெருப்புக்குக் காத்திருக்கும். தெற்கே மூணாறு மலைகளிலோ அதே மாதங்களில் உறைபனி படிகிறது. அதைக் காணவே பயணிகள் திரள்கின்றனர்.

இடுக்கி எல்லையை ஒட்டிய தேனி மாவட்டக் குரங்கணியில், 2018 மார்ச் 11-ம் தேதி நிகழ்ந்தது இதன் கொடிய முகம். கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்ததில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்தை மனிதனால் விஞ்ச முடியாது. அதன் பிறகே தமிழக அரசு மலையேற்றத்துக்கு 2018-ல் தனி விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் அரசே மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. காட்டுத்தீ காலத்தில் அப்பாதைகள் மூடப்படுகின்றன. உயிர்கள் போன பின் வந்த ஒழுங்கு இது.

தில்லியில் எழுந்த சர்ச்சை

மழைக்காலக் கணக்கு இதைவிடப் பெரிது. 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள் மீது மலை சரிந்தது. 70 பேர் பலியானவர்களாகக் கணக்கிடப்பட்டனர்; பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். தகவல் தொடர்பு அறுந்து கிடந்ததால் விபரீதம் மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2024 ஜூலை 19-ம் தேதி கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையத்தைத் தொடங்கியது. அடுத்த 11-ம் நாள் வயநாடு சரிந்து, 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கேரளத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்பே எச்சரிக்கை அனுப்பப்பட்டதாக உள்துறை அமைச்சர் அமித் ஷா ஜூலை 31-ம் தேதி மாநிலங்களவையில் கூறினார். கேரள முதல்வராக இருந்த பினராயி விஜயன் அன்றே அதை மறுத்தார். எச்சரிக்கை அனுப்பப்பட்டதா என்பதில் தில்லியும் திருவனந்தபுரமும் மோதிக்கொண்டன. மலையடிவாரத்து வீட்டுக் கதவை அது தட்டியதா என்ற கேள்வி அந்த மோதலில் பின்னுக்குப் போனது.

பனிச்சரிவுக்குச் சண்டீகர், நிலச்சரிவுக்குக் கொல்கத்தா, காட்டுத்தீக்கு டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் செயற்கைக்கோள் தகவல் என மத்திய அரசிடம் அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. இவை அனைத்தும் இறுதியில் வந்து நிற்பது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில். எல்லை மலைகளிலோ ஒரு சரிவு கேரளத்தில், மறு சரிவு தமிழகத்தில். காட்டுத்தீயும் மலையேறுபவரும் மாநில எல்லை பார்ப்பதில்லை. எனவே பாலக்காடு-கோவை, இடுக்கி-தேனி மாவட்டங்கள் கூட்டாக எச்சரிக்கை விடுப்பதும், அருகிலேயே பாறை மீட்புப் பயிற்சி பெற்ற குழுக்களை நிறுத்துவதும் அவசியமாகின்றன.

மொழியும் இதில் அடங்கும். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ள கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லேயே வழி செய்தது. மனு எழுதத் தமிழுக்கு உரிமை உண்டென்றால், உயிர் காக்கும் எச்சரிக்கைக்கும் அது வேண்டும். தோட்டக் குடியிருப்பில் இரவு மழையைக் கேட்டபடி படுத்திருக்கும் குடும்பத்துக்கு, எழுந்து வெளியேறுங்கள் என்ற சொல் அவர்களுக்குப் புரியும் மொழியில், உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும். அதற்கான பொறுப்பு எந்த அலுவலகத்துடையது என்பதை அடுத்த மழைக்கு முன் இரு மாநிலங்களும் மத்திய அரசும் முடிவு செய்தாக வேண்டும்.