உஷார்! அந்த ஒன்பது இலக்கத்தை யாருக்கு அனுப்பினீர்கள்?

கனடாவுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளே, அனுப்பிவைக்கிற அம்மா அப்பாக்களே, ஒரு நிமிஷம். பருப்புப்பொடி பொட்டலம் கட்டியாயிற்றா? குளிர் ஜாக்கெட் வாங்கியாயிற்றா? நல்லது. சின் நம்பரைப் பற்றி யாராவது உட்கார வைத்துச் சொன்னார்களா?

சொல்லியிருக்க மாட்டார்கள். "போனதும் ஒரு நம்பர் வாங்கணும், சின்ன வேலை" என்பதோடு ஏஜென்ட் முடித்திருப்பார். வாங்குவது சின்ன வேலைதான். வாங்கிய பிறகுதான் ஆபத்தே!

சின் என்பது கனடாவின் சமூகக் காப்பீட்டு எண். ஒன்பது இலக்கம். தற்காலிகமாக வந்தவர்களுக்கு அது 9-இல் தொடங்கும். சம்பளம், வரி, வங்கி வட்டி எல்லாம் இந்த எண்ணின் பேரில்தான் ஏறும். உங்கள் எண்ணில் வேறொருவர் உழைத்தாலும் அரசாங்கக் கணக்கில் உழைத்தது நீங்கள்தான்.

நம்ப முடியவில்லையா? கேளுங்கள்.

ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, பேஸ்மென்ட்டில் நான்கு மாணவர்கள். அதில் ஒரு திருச்சிப் பையன். பேர் வேண்டாம். ஊரைக்கூட மாற்றித்தான் சொல்கிறேன், அவன் அம்மா இதைப் படிக்கக்கூடும். வந்த மூன்றாவது வாரம், வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு தகவல்: வேர்ஹவுஸ் வேலை, உடனே ஆள் தேவை. போன் போட்டான். மறுமுனையில் நல்ல தமிழ். வார்த்தைக்கு வார்த்தை "தம்பி". "சின் லெட்டரையும் பாஸ்போர்ட்டையும் போட்டோ எடுத்து அனுப்புங்க தம்பி, திங்கட்கிழமை ஷிப்ட்."

அனுப்பிவிட்டான். திங்கட்கிழமை வந்தது, ஷிப்ட் வரவில்லை. போனை யாரும் எடுக்கவில்லை. சரி, வேலைதானே போச்சு என்று விட்டுவிட்டு ஒரு காபிக் கடையில் சேர்ந்துகொண்டான்.

அடுத்த பிப்ரவரி கடைசி. போன வருடச் சம்பளக் கணக்கை டி4 என்ற தாளில் முதலாளிகள் கொடுத்தாக வேண்டிய கெடு அது. வரிக் கணக்கு போட உட்கார்ந்தவன், வருமான வரித் துறையின் இணையக் கணக்கைத் திறந்தான். டி4 ஒன்று இருக்க வேண்டும். இரண்டு இருந்தன! ஒன்று காபிக் கடையுடையது. இன்னொன்று, அவன் கால் வைத்தே இராத ஊரில், பேரே கேட்டிராத ஒரு கம்பெனியுடையது. யாரோ அவன் எண்ணில் மாதக்கணக்காக முழுநேர வேலை பார்த்திருக்கிறார்கள்.

அன்று ராத்திரி எங்கள் அடுப்படியில் வந்து உட்கார்ந்தான். வைத்த டீ ஆறி ஏடு படிந்துவிட்டது. போனில் அந்த இரண்டு வரியையே மேலே தள்ளுவதும் கீழே தள்ளுவதுமாக இருந்தான். "டாக்ஸைக்கூட கட்டிடலாம் ஆன்ட்டி. ஸ்டடி பெர்மிட்டுக்கு என்ன சொல்றது?"

அதுதான் வயிற்றைக் கலக்கும் விஷயம். வகுப்பு நடக்கும் காலத்தில் மாணவர்கள் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 2024 நவம்பர் 8-இலிருந்து இதுதான் விதி. மீறினால் மாணவர் என்ற தகுதியே போகலாம். அடுத்த பெர்மிட் கிடைக்காமல் போகலாம். நாட்டைவிட்டே கிளம்பச் சொல்லலாம். எவனோ பெட்டி தூக்கிய நேரமெல்லாம் இப்போது இந்தப் பிள்ளை தலையில். "நான் இல்லை" என்று நிரூபிக்க வேண்டியவனும் இவனே. போலீஸ் புகார். வரித் துறைக்குத் தகவல். சின் எண் வழங்கும் சர்வீஸ் கனடா அலுவலகத்தில் காத்திருப்பு. கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் இரண்டிலும் அறிக்கை எடுத்து, தன் பேரில் கடனும் வாங்கியிருக்கிறார்களா என்று பார்ப்பது. நடுவில் பரீட்சை.

புது எண் கொடுத்துவிட மாட்டார்களா? மோசடி நடந்ததற்கு ஆதாரம் இல்லாமல் மாட்டார்கள். கொடுத்தாலும் பழைய எண் அழியாது. பிறகு இரண்டு எண்களையும் காவல் காக்க வேண்டும்.

எதைக் கண்டால் உஷாராக வேண்டும்?

காசு கேட்டால் நகருங்கள்! சின் எண் முழுக்க இலவசம். ஸ்டடி பெர்மிட்டும் பாஸ்போர்ட்டும் போதும், நேரிலோ ஆன்லைனிலோ நீங்களே விண்ணப்பிக்கலாம். ஆனால் பெர்மிட்டில் "வேலை செய்யலாம்" என்ற வரி இருக்க வேண்டும். விமான நிலையத்தில் அதிகாரியின் மேசையைவிட்டு நகரும் முன் படித்துப் பாருங்கள். தூக்கக் கலக்கத்தில் மடித்துப் பையில் வைத்துவிடாதீர்கள்.

வேலை தரும் முன்பே எண் கேட்டால், கொடுக்காதீர்கள்! வேலைக்குச் சேர்ந்த பிறகு மூன்று நாளுக்குள் கொடுத்தால் போதும். வீட்டுக்காரர் கேட்பார், மொபைல் கடையில் கேட்பார்கள். கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை. வட்டி தரும் வங்கிக் கணக்குக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

"உங்கள் சின் எண்ணில் குற்றம் நடந்திருக்கிறது, கைது செய்ய வருகிறோம்" என்று போன் வந்தால், வைத்துவிடுங்கள். கிஃப்ட் கார்டில் அபராதம் வாங்கும் அரசாங்கம் உலகத்திலேயே கிடையாது.

எனக்கு அதிகம் பயம் நம்மவர்களிடம்தான். "என் மச்சான் விசிட்டர்ல வந்திருக்கான், ஒரே ஒரு மாசம் உன் நம்பரைக் கொடேன்" என்று சாப்பாடு போட்டுக் கேட்பார்கள். சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்! இன்னொருவர் எண்ணில் வேலை செய்வது குற்றம். தெரிந்தே கொடுத்தவரும் தப்ப முடியாது. "சின்னே வேண்டாம், கேஷ் தர்றேன்" என்பதும் ஆபத்துதான். சம்பளத்தைப் பிடித்துக்கொண்டால் காட்டுவதற்கு ஒரு துண்டுத்தாள் இருக்காது.

2014-க்குப் பிறகு பிளாஸ்டிக் அட்டை கிடையாது, கடிதம்தான். அதில் காலாவதித் தேதி இருக்கும். பெர்மிட்டை நீட்டித்தால் அந்தத் தேதி தானாக நீளாது. மறுபடி சர்வீஸ் கனடாவிடம் போக வேண்டும். கடிதம் பர்ஸில் வேண்டாம், பெட்டியில் பூட்டி வையுங்கள். போனில் போட்டோ இருந்தால் இப்போதே அழியுங்கள்.

ஏற்கெனவே யாருக்காவது அனுப்பிவிட்டீர்களா? பிப்ரவரி வரைக்கும் காத்திருக்காதீர்கள். நாளைக் காலையிலேயே சர்வீஸ் கனடாவிடம் சொல்லுங்கள், போலீஸில் எழுதிக் கொடுங்கள், நகலை வாங்கி வையுங்கள். வீட்டுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். திருச்சிப் பையன் இன்னும் சொல்லவில்லை.